கண்கட்டி எனப்பட்ட புற்று: இமை எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் அடையாளம் பெற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்றுநோய் மருத்துவ நூல்களில் அரிய நோயாகவே பதிவாகியுள்ளது. அது மிகுதியும் கண்ணிமையில் தோன்றுகிறது. தொடக்கத்தில் சாதாரணக் கண்கட்டியைப் போலவே தோற்றம் தருகிறது. இந்நோய் தனி நோயாக அடையாளம் பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நோயின் இயல்பு மட்டுமன்றி, அதைச் சோதித்த முறைகளும் அதைக் கணக்கிட்ட முறைகளும் அது மறைந்திருக்கக் காரணமாயின என்பது இதன் கருதுகோள். தமிழில் இந்நோய்க்கு வழங்கத்தக்க பெயர் குறித்தும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணெய்ச் சுரப்பி, மைபோம், கண்கட்டி, திசுச் சோதனை, மியூர்–டோரே நோய்த்தொகுதி, மருத்துவக் கலைச்சொல்.

முன்னுரை

கண்ணிமையில் சிறு கட்டி தோன்றினால் தமிழ்நாட்டு வீடுகளில் நாமக்கட்டியை உரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. பெரும்பாலான கட்டிகள் சில நாள்களிலோ வாரங்களிலோ தாமே அமுங்கிவிடுவதால், அவ்வழக்கத்தின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கை குலைவதில்லை. மருத்துவரிடம் சென்றாலும் பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடமும் களிம்புமே முதலில் பரிந்துரைக்கப்படும். இவ்விரு அணுகுமுறைகளும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் பொருந்துவனவே. எஞ்சிய மிகச் சிலருக்கு அக்கட்டி வேறொன்றாக இருக்கிறது. அச்சிலரைப் பற்றிய அறிவு எவ்வாறு உருவாயிற்று, ஏன் அவ்வளவு தாமதமாக உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வினா.

இக்கட்டுரையாளர் மருத்துவர் அல்லர். மருத்துவச் சொற்களின் வரலாற்றைப் பயில்பவர். எனவே சிகிச்சை முறைகள் இங்கு வரலாற்றுக்குத் தேவையான அளவிலேயே பேசப்படுகின்றன.

சுரப்பி முதலில், நோய் பின்னர்

செருமனியின் ஹெல்ம்ஷ்டெட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹைன்ரிஷ் மைபோம் (1638–1700), இமையின் குழல்களைப் பற்றி 1666-இல் இலத்தீன் மொழியில் ஒரு மடல் எழுதினார். லாங்கெலாட் என்னும் மருத்துவருக்கு முகவரியிட்டு அச்சான அம்மடலே இமைத் தகட்டினுள் வரிசையாக நிற்கும் சுரப்பிகளுக்கு அவர் பெயர் நிலைக்கக் காரணமாயிற்று. இத்தாலிய உடற்கூற்றியலாளர் காசேரியோ 1609-இலேயே இச்சுரப்பிகளைக் காட்டியிருந்தார். ஆயினும் வரலாறு மைபோமின் பெயரையே ஏற்றுக்கொண்டது. மேலிமையில் 30 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் உள்ள இச்சுரப்பிகள் சுரக்கும் எண்ணெய், கண்ணீர்ப் படலம் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. எண்ணிக்கையில் காணப்படும் இவ்வேறுபாட்டை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். புற்றுநோயும் கீழிமையைவிட மேலிமையிலேயே மிகுதியாகத் தோன்றுகிறது. இமையில் தோன்றும் பிற புற்றுகளுள் முதன்மையானதாகிய அடிச்செல் புற்று இதற்கு நேர்மாறாகக் கீழிமையையே நாடும்.

1835-இல் எடுவார்ட் சைஸ் இமைமயிரின் வேரையொட்டிய சிறு எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். ஒட்டறுவை மருத்துவத்துக்கு இன்று உலகம் வழங்கும் பெயரைத் தம் 1838-ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் நிலைநிறுத்தியவரும் இவரே. ஆக, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் அனைத்தும் பெயர் பெற்றுவிட்டன. ஆனால் அவற்றில் புற்று தோன்றக்கூடும் என்னும் கருத்து எழவில்லை.

அதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. அக்காலக் கோட்பாடே அக்கருத்துக்கு இடமளிக்கவில்லை. செல்நோயியலின் தந்தை எனப்படும் ருடால்ஃப் விர்ச்சோ, புற்றுநோய்ச் செல்கள் இணைப்புத் திசுவிலிருந்தே பிறக்கின்றன எனக் கருதினார். இக்கருத்தின்படி எப்புற்றும் தோன்றுமிடம் இணைப்புத் திசுவே. சுரப்பி அருகில் இருக்கும் ஓர் உறுப்பு மட்டுமே. ஆகவே 'சுரப்பிப் புற்று' என்னும் தொடருக்கு அங்குப் பொருளே இல்லை. 1865-இல் எர்லாங்கனில் பணியாற்றிய கார்ல் தியர்ஷ் தோற்புற்று பற்றிய தம் பெருநூலில், திசு வெட்டுகளைத் தொடராக ஆராய்ந்து, புற்று மேல்தோலிலிருந்தும் தோற் சுரப்பிகளிலிருந்தும் எழுவதைக் காட்டினார். வால்டையர் 1867-இலும் 1872-இலும் வெளியிட்ட கட்டுரைகளால் இக்கருத்து பிற உறுப்புகளின் புற்றுகளுக்கும் விரிவுற்றது. எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் வரலாற்றைச் சிலர் தியர்ஷிடமிருந்தே தொடங்குவர். எனினும் இமைச் சுரப்பியில் தோன்றிய புற்றை முறையாக விவரித்த முதல் பதிவாகப் பெரும்பாலோர் கொள்வது பிரான்சைச் சேர்ந்த அலேர் 1891-இல் வெளியிட்ட ஆய்வையே. மைபோமின் மடலுக்கும் அலேரின் விவரிப்புக்கும் இடைப்பட்ட காலம் 225 ஆண்டுகள்.

கரைந்துபோன சான்று

அலேருக்குப் பின்னரும் நோய் எளிதில் அடையாளம் பெறவில்லை. இதற்குரிய காரணத்தை நோயிடம் மட்டும் தேடுவது போதாது. ஆய்வகத்தின் அன்றாட நடைமுறையையும் நோக்கவேண்டும்.

எண்ணெய்ச் சுரப்பியின் செல்லை மற்ற செல்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதனுள் நிறைந்திருக்கும் கொழுப்புத் துளிகளே. அவற்றாலேயே கட்டிக்கு மஞ்சள் சாயல் ஏற்படுகிறது. ஆனால் வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் காணும் வகையில் மெழுகில் பொதிவதற்கு முன், அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் அகற்றி, பின்னர் சைலீன் போன்ற கரைப்பானில் இடவேண்டும். அவ்விரண்டும் கொழுப்பைக் கரைத்துவிடும். இறுதியில் கண்ணாடித் தகட்டில் எஞ்சுபவை வெறும் குமிழ் வடிவங்கள் மட்டுமே. நன்கு முதிர்ந்த செல்கள் கொண்ட கட்டியில் அக்குமிழ்களைக் கண்டு சுரப்பியை ஊகிக்கலாம். முதிர்ச்சி குன்றிய கட்டியில் குமிழ்களும் குறைவாகவே இருக்கும். அப்போது அது செதிள்செல் புற்றாகவோ அடிச்செல் புற்றாகவோ வகைப்படுத்தப்பட்டு ஏட்டில் ஏறிவிடும்.

கொழுப்பைக் காட்டும் சாயம் இல்லாமல் இல்லை. 1896-இலேயே டாடி என்னும் இத்தாலியர் சூடான் சாயத்தால் கொழுப்புக்கு நிறமேற்றிக் காட்டினார். பின்னர் வந்த எண்ணெய்ச் சிவப்புச் சாயம் இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆனால் இவ்விரண்டுக்கும் ஆல்கஹால் படாத திசு வேண்டும். அதனை உறையவைத்தே வெட்டவேண்டும். ஆகவே அறுவை செய்பவர் கத்தியை எடுக்கும் முன்னரே 'இது எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கலாம்' என ஐயுற்று, திசுவின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்து, ஆய்வகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். ஐயம் இல்லாதவருக்குச் சான்று கிடைக்காது. சான்று கிடைக்காததால் அடுத்த முறையும் ஐயம் எழாது. இவ்வட்டத்தை இந்நோயின் வரலாற்றில் மிக முக்கியமான செய்தியாக இக்கட்டுரை கருதுகிறது. கொழுப்புத் துளியைப் போர்த்தியிருக்கும் அடிபோஃபிலின் என்னும் புரதத்தை மெழுகில் பொதிந்த திசுவிலேயே கண்டறியும் முறை அண்மைக் காலத்தில் பரவிய பின்னரே இவ்வட்டம் ஓரளவு உடைந்தது.

இதனினும் எளிய ஓர் இழப்பும் உண்டு. கண்கட்டியைக் கீறிச் சுரண்டியெடுக்கும்போது, உள்ளடக்கத்தைச் சோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிடும் வழக்கம் நெடுங்காலம் பரவலாக இருந்தது. அவ்வாறு எறியப்பட்டவற்றுள் எத்தனை புற்றுகள் இருந்திருக்கும் என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

வேடமிட்ட நோய்

கண்கட்டிக்குக் கண் மருத்துவம் வழங்கும் கிரேக்கப் பெயர் 'கலேசியன்'. அதன் பொருள் சிறு ஆலங்கட்டி. தமிழிலும் ஆலங்கட்டியின் ஈற்றில் நிற்பது இதே 'கட்டி'தான் என்பது எதேச்சையான ஒப்புமை. எனினும் கடினமாகவும் உருண்டையாகவும் இருக்கும் ஒன்றை இரு மொழிகளும் ஒரே வகையில் கண்டிருக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டுத் தேங்கிய கொழுப்பைச் சுற்றி எழும் அழற்சியே இக்கட்டி. அதே சுரப்பியில் எழும் புற்றும் அதே இடத்தில், அதே உருவில், வலியின்றி வளர்கிறது. முதிய வயதில் தோன்றுதல், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வருதல், அவ்விடத்து இமைமயிர் உதிர்தல் ஆகியனவே வேறுபாட்டைக் காட்டும் குறிகள். இவற்றுள் முதலிரண்டைக் காண்பதற்கு நோயரின் முன்வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவரிடம் செல்பவரிடம் அவை புலப்படா.

இரண்டாவது வேடம் இதனினும் ஏமாற்றுவது. சில நோயர்க்குக் கட்டியே தெரிவதில்லை. புற்றுச் செல்கள் இமையின் உட்படலத்திலும் விழிவெண்படலத்திலும் மேற்பரப்பினூடே பரவி, ஆறாத கண்சிவப்பாக மட்டும் வெளிப்படும். 1967-இல் அமெரிக்கக் கண் மருத்துவர் தியோடர், நாட்பட்ட கண் அழற்சியின் வேடத்தில் வரும் படலப் புற்றைப் பற்றி எழுதியபோது, 'வேடம்' என்னும் உருவகம் கண் மருத்துவத்தில் நிலைபெற்றது.

இவ்வாறு மேற்பரப்பில் பரவுவதற்கு இலண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட்டின் பெயரால் 'பேஜெட் வகைப் பரவல்' என்று பெயர். அவர் 1874-இல் முலைக்காம்பில் நாட்பட்ட புண் கொண்டிருந்த ஏறத்தாழ 15 பெண்களை விவரித்து, அப்புண்ணைத் தொடர்ந்து ஈராண்டுக்குள் மார்பகப் புற்று தோன்றியதைக் குறிப்பிட்டார். மேற்பரப்பின் உறுத்தலே ஆழத்தில் புற்றைத் தூண்டுகிறது என அவர் எண்ணினார். 1904-இல் யாக்கோபேயஸ் அதனைத் தலைகீழாக மாற்றினார்: ஆழத்தில் பிறந்த புற்றே நாளங்கள் வழியாக மேற்பரப்பில் ஏறி வருகிறது என்றார். இமை நோய்க்கும் இப்பின்னைய விளக்கமே பொருந்துகிறது. தமிழர் இந்நோய்க்கு எடுத்துக்கொண்ட 'புற்று' என்னும் சொல்லே இவ்விடத்தில் கிரேக்கரின் நண்டைவிட நெருங்கிவருவதாகத் தோன்றுகிறது. வெளியே தெரியும் மேட்டைக் கொண்டு உள்ளே ஓடும் வழிகளை அளவிட இயலாது. அதனாலேயே இன்று அறுவைக்கு முன்னர்க் கண்பரப்பின் பல இடங்களிலிருந்து சிறுசிறு துணுக்குகளை எடுத்து, நில அளவைப் படம் போல நோயின் எல்லை வரையப்படுகிறது.

அரிது என்னும் கணக்கு

1956-இல் ஸ்ட்ராட்ஸ்மா மைபோம் சுரப்பிக் கட்டிகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 1968-இல் பொனியுக்கும் சிம்மர்மனும் 88 நோயரின் பதிவுகளை வெளியிட்டனர். 1982-இல் ராவ் குழுவினர் 104 நோயரைத் தொடர்ந்து ஆராய்ந்து, எவை இறப்பை முன்னறிவிக்கின்றன என வரையறுத்தனர். அவற்றுள் ஒன்று இங்கு நேரடியாகத் தொடர்புடையது. அறிகுறி தோன்றி 6 மாதங்களுக்குள் கண்டறியப்பட்டவர்களுள் இறப்பு 14 விழுக்காடு. அதற்கு மேல் தாமதமானவர்களுள் 38 விழுக்காடு. மேலே கண்ட வேடங்களின் விலை இவ்வெண்களுக்கு இடைப்பட்டதாகும். 2004-இல் பிலடெல்பியாவில் 60 நோயரைக் கொண்டு வெளியான ஆய்வில் இறப்பு 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இரு தொகுப்புகளின் நோயரும் ஒரு தன்மையினர் அல்லர் என்பதால் முழு வேறுபாட்டையும் சிகிச்சையின் வெற்றியாகக் கொள்ள இயலாது. முன்கூட்டியே ஐயுறும் பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு எனலாம்.

அமெரிக்கப் பாடநூல்கள் இமைப் புற்றுகளுள் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றின் பங்கை 1 முதல் 5 விழுக்காடு என்றே குறிக்கின்றன. இந்திய மருத்துவமனைப் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. 1996-இல் புதுதில்லியிலிருந்து வெளியான ஆய்வில் அதன் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 2019-இல் ஐதராபாத்திலிருந்து வெளியான 536 நோயர் கொண்ட ஆய்வில் பாதிக்குச் சற்று மேல். இவற்றை வைத்து, 'ஆசியரிடையே இந்நோய் மிகுதி' என்னும் தொடர் பல கட்டுரைகளில் வாய்பாடு போலத் திரும்பத் திரும்ப வருகிறது.

இத்தொடரை அப்படியே ஏற்பதற்கில்லை. பங்கு வேறு, நிகழ்வு வீதம் வேறு. அடிச்செல் புற்று வெண்ணிறத் தோலினரிடம் மிகுதி, கருந்தோலினரிடம் குறைவு. பெரும்பங்கை அடைத்துக்கொள்ளும் நோய் ஒன்று விலகிநின்றால், எஞ்சிய நோய்களின் பங்கு தானே உயர்ந்துவிடும். அமெரிக்காவின் 1973–2004 காலப் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து 1,349 நோயரைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆய்வு, மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டபோது வெள்ளையரின் வீதமே ஆசியரின் வீதத்தைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அக்கணக்கில் இமைக்கு வெளியே தோன்றியவையும் அடங்கும் என்பதை மறக்கலாகாது. சிங்கப்பூரின் 1968–1995 காலப் பதிவேட்டிலோ இமைப் புற்றுகளுள் அடிச்செல் புற்று 84 விழுக்காடு. எண்ணெய்ச் சுரப்பிப் புற்று ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே. நாடு முழுவதையும் உள்ளடக்கிய பதிவேடும், கடினமான நோயர் தேடிவரும் பெரிய மருத்துவமனையின் ஏடும் ஒரே அளவுகோல் அல்ல.

ஆயினும் இத்திருத்தத்தால் இந்திய மருத்துவரின் கடமை மாறிவிடவில்லை. இமையில் புற்று என்று உறுதியான ஒருவர் முன்னே அமர்ந்திருக்கும்போது, அது எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கும் வாய்ப்பைத் தீர்மானிப்பது பங்கே, வீதம் அன்று. மேலைநாட்டுப் பாடநூலைப் படித்துவிட்டு 'இது அரிது' என்று கடந்துசெல்பவர், இன்னொரு மக்கள் கூட்டத்தின் கணக்கைத் தம் நோயர்மீது ஏற்றுகிறார்.

தோலில் எழுதிய குடும்ப வரலாறு

1967-இல் இலண்டனில் மியூர், பெல், பார்லோ என்னும் மூவர், முகத்தில் கெரட்டோஅகாந்தோமா என்னும் தோற்கட்டிகளும், பெருங்குடல், முன்சிறுகுடல், குரல்வளை ஆகியவற்றில் தனித்தனிப் புற்றுகளும் கொண்ட ஒருவரை விவரித்தனர். 1968-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டோரே, 100-க்கும் மேற்பட்ட எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளுடன் உள்ளுறுப்புகளில் இரு புற்றுகளும் கொண்ட ஒருவரை விவரித்தார். ஒருவர் எழுதியது அறுவை மருத்துவ இதழ். மற்றவர் எழுதியது தோல் மருத்துவ இதழ். இரு பெயர்களும் பின்னர் ஒரே நோய்த்தொகுதியின் பெயராக இணைந்தன.

இதன் வேர் இன்னும் பழையது. 1895-இல் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியலாளர் ஆல்ட்ரெட் வார்தினிடம் தையல்வேலை செய்துவந்த ஒரு பெண், தம் குடும்பத்தார் பலரைப் போலத் தாமும் புற்றுநோயால்தான் இறப்பார் என்று கூறினார். அவர் கூறியவாறே கருப்பைப் புற்றால் இறந்தார். வார்தின் அக்குடும்பத்தின் வழிமரபைத் திரட்டி, 'ஜி குடும்பம்' என்னும் பெயரில் 1913-இல் வெளியிட்டார். புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கத் தயங்கிய காலம் அது. 1966-இல் ஹென்றி லின்ச் வேறிரு குடும்பங்களை விவரித்து அவ்வினாவை மீட்டெடுத்தார். 1981-இல் அவர் குழுவினரே டோரேயின் தோற்கட்டிகளை அக்குடும்பப் புற்றுநோயோடு இணைத்துக் காட்டினர். 1993-இல் எம்.எஸ்.எச்.2, 1994-இல் எம்.எல்.எச்.1 என்னும் மரபணுக்கள் இனங்காணப்பட்டன. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்துவது இவற்றின் பணி. மியூர்–டோரே நோய்த்தொகுதியில் மிகுதியும் பழுதுபடுவது எம்.எஸ்.எச்.2. ஜி குடும்பத்திலும் அதே மரபணு பழுதுபட்டிருந்தது என்பதை அக்குடும்பத்தின் நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து 2005-இல் வெளியான கட்டுரை பதிவுசெய்தது. ஏட்டில் பெயர்கூட இடம்பெறாத அப்பெண்ணின் கூற்றை இந்நோய் பற்றிய முதல் ஆய்வுரை என்றே கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை தேவை. இமையில் தோன்றும் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றில் இப்பரம்பரைத் தொடர்பு குறைவு. உடலின் பிற இடங்களில் தோன்றுவதிலேயே மிகுதி. ஒரே சுரப்பியின் புற்று இடத்துக்கேற்பக் காரணத்தில் வேறுபடுகிறது.

தமிழில் பெயரிடல்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் சொற்களை வகுத்தார். அவர் மறைந்து 7 ஆண்டுகளுக்குப் பின்னரே அலேரின் விவரிப்பு வந்தது. எனவே அவர் தொடங்கிய கலைச்சொல் மரபில் இந்நோய்க்கு இடமில்லாமற் போனது அவர் குறையன்று. அதன் பின்னர் வந்தோர் விட்ட இடைவெளி.

'மைபோமியன் சுரப்பிப் புற்று' என ஒலிபெயர்ப்பது எளிது. ஆனால் அது பொருட்பிழை உடையது. இந்நோய் சைஸ் சுரப்பியிலும், கண்ணின் உள்மூலையிலுள்ள செஞ்சதையின் எண்ணெய்ச் சுரப்பியிலும், புருவத்திலும் தோன்றக்கூடும். நோய் முற்றிய நிலையில் எச்சுரப்பியில் தொடங்கியது எனப் பிரித்தறியவும் இயலாது. 'கொழுப்புக் கட்டி' என்பதோ அதனினும் தீங்கானது. அச்சொல் தோலடியில் தோன்றும் தீங்கற்ற கட்டிக்கு ஏற்கெனவே மக்கள் வழக்கில் உரியது. கேட்பவர் அஞ்ச வேண்டிய இடத்தில் அமைதியடைவர். 'நெய்ச்சுரப்பி' என்னும் வடிவம் சுருக்கமானது எனினும், பள்ளிப் பாடநூல்கள் வழியே மாணவர்க்கு அறிமுகமானது 'எண்ணெய்ச் சுரப்பி'யே. ஆகவே 'எண்ணெய்ச் சுரப்பிப் புற்று' என்பதைப் பொதுப்பெயராகவும், தோன்றும் இடத்தை முன்னொட்டி 'இமை எண்ணெய்ச் சுரப்பிப் புற்று' என்பதைச் சிறப்புப்பெயராகவும் இக்கட்டுரை முன்மொழிகிறது. இடத்தை முன்னொட்டுவது அழகுக்காக அன்று. மரபணுச் சோதனை யாருக்கு முதலில் வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே பிரித்துக்காட்டுகிறது.